துணை நெஞ்சு

சபூரா அந்தப் பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டது யோசித்துச் செய்த காரியம் அல்ல. யோசிக்க நேரம் இருந்திருந்தால் கட்டியிருக்க மாட்டேன் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. டாக்டர் அல்ல, நர்ஸ் அல்ல, டெக்னீசியன். இன்னொருவரின் துடிப்பை வாங்கி இதயத்தின் மேலறைக்குத் தரும் தகட்டை வைத்துக்கொண்டவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார்கள். அவர்களைப் படுக்க வைத்து, திரையில் ஓடும் இரண்டு கோடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. மேலே ஓடுவது துணை நெஞ்சின் கோடு. கீழே ஓடுவது நோயாளியின் கோடு. இரண்டும் ஒன்றாய்ப் போனால் நல்லது.

தங்கநேசம் அம்மாள் தகடு வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எழுபத்து நான்கு வயது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் போய்ப் பத்து வருடம். ஒரே மகன் ஜெபசிங், மும்பைக்கு அப்பால் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் என்ஜினீயர். மருமகள் பியூலாவும் பேத்தியும் மும்பையில் இருந்தார்கள். அம்மாள் மட்டும் இங்கே ஒரு மாடி வீட்டில், வேதாகமமும் நாள்காட்டியும் சுவர்க் கடிகாரமுமாக இருந்தார்.

தகடு வைப்பதற்கு முந்தைய நாள், விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டியது சபூராவின் பொறுப்பாக இருந்தது.

"நெஞ்சுல நாலு அறைம்மா. கீழ ரெண்டும் பம்பு மாதிரி. மேல ரெண்டும் அதுக்கு ரத்தத்தை நிரப்பிக் குடுக்கும். எப்பத் துடிக்கணுங்கிற சேதி கிளம்புறதும் மேலதான். வயசாக ஆக மேலறைச் சுவர் விரிஞ்சு, உள்ள தழும்பு தழும்பாப் போயிரும். சேதி நேரா ஓடாம சுத்திச் சுத்தி வரும். அப்ப அது துடிக்காது, சும்மா நடுங்கும். நடுங்குனா ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம்."

"அப்ப கீழ இன்ஜின், மேல சிக்னல் கேபின்னு சொல்லு" என்றார் அம்மாள். "இன்ஜின் ஓடுது. கேபின்காரனுக்குத்தான் வயசாயிட்டு. எல்லாச் சிக்னலையும் ஒரே நேரத்துல இழுக்கான்."

சபூரா சிரித்துவிட்டாள். பிறகு அம்மாள் கேட்டார், அதற்கு ஒரு மிஷினை வைத்தால் போதாதா, இன்னொரு மனுஷன் எதற்கு என்று.

"வச்சுப் பாத்தாச்சும்மா. மிஷின் எப்பவும் ஒரே மாதிரி தட்டும். மனுஷ நெஞ்சு அப்படி இல்ல. மூச்சு இழுத்தா ஒரு வேகம், விட்டா ஒரு நிதானம். வயசான மேலறை ரெண்டு மாசத்துல மிஷினை ஒதுக்கிட்டு மறுபடி நடுங்க ஆரம்பிச்சிருது. உசிரோட இருக்கிற ஒரு நெஞ்சு கூடவே துடிச்சாத்தான் அது கேக்குது."

"கூட ஒரு ஆள் நடந்தாத்தான் நடப்பேன்னு சொல்லுது. பிள்ளைத்தாச்சி மாதிரி" என்றார் அம்மாள்.

துணை நெஞ்சு ஐம்பது வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். யாருடைய நெஞ்சு என்பது பெறுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். சட்டம் அப்படி. ஜெபசிங் ஊருக்கு வந்து, துடிப்பை எடுத்து அனுப்பும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் கடலில் எங்கே நின்றாலும் அவன் துடிப்பு செயற்கைக்கோள் வழியாகத் தாயின் மார்புக்கு வந்தது. அவன் ஏணி ஏறினால் அம்மாளுக்குப் படபடக்கும். அவன் தூங்கினால் அம்மாளுக்கும் கண் சொருகும். "வயித்துல இருக்கும்போது நான் அவனைச் சுமந்தேன், இப்ப அவன் முறை" என்று அவர் வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. அம்மாள் பரிசோதனைப் படுக்கையில் இருந்தார். மேல் கோடு திடீரென ஏறியது. நாலைந்து துடிப்புகள் தாறுமாறாக வந்தன. பிறகு கோடு நேராகப் படுத்துவிட்டது. கீழ்க்கோடு அதைத் தேடுவதுபோல் தடுமாறி நடுங்கத் தொடங்கியது. அம்மாளின் கண்கள் மேலே போயின.

ஜெபசிங்கின் பட்டை கழன்றிருக்கும் என்றுதான் சபூரா நினைத்தாள். மேஜையில் சோதனைக்கென்று ஒரு பட்டை கிடந்தது. அதை எடுத்துத் தன் கையில் கட்டி, திரையில் பெயரை மாற்றாமலே இணைத்தாள். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு கோடுகளும் சேர்ந்துகொண்டன. அம்மாள் கண் திறந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"சிக்னல் போச்சும்மா. வந்துட்டு."

அம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்றார்.

அரைமணி நேரத்தில் பியூலாவின் போன் வந்தது. மேடையின் ஏணியிலிருந்து ஜெபசிங் விழுந்துவிட்டான். தலை இரும்பில் பட்டது, அந்த இடத்திலேயே போய்விட்டான். பியூலா அழவில்லை, மூச்சுத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. அத்தைக்கு இப்போது சொல்ல வேண்டாம், இந்த நெஞ்சு தாங்காது, ஒரே நாளில் இரண்டு பேரைப் புதைக்க என்னால் முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இதயப் பிரிவின் டாக்டர் நளாயினியும் அதைத்தான் சொன்னார். ஒரு வாரம் போகட்டும், அம்மாள் தேறட்டும், அதுவரை உன் பட்டை இருக்கட்டும் என்றார். புதிய துணை நெஞ்சுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். அதற்கு அம்மாளின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வாங்க விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ஜெபசிங்கை மும்பையிலேயே அடக்கம் செய்தார்கள். ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. டாக்டர் நளாயினி மதுரைக்கு மாற்றலாகிப் போனார். தாள்களில் துணை நெஞ்சு என்ற இடத்தில் ஜெபசிங் என்றே இருந்தது. மகனுக்கு விடுமுறை ரத்தாகிவிட்டது, மேடையில் போன் எடுப்பதில்லை, செய்தி மட்டும்தான் அனுப்ப முடியும் என்று அம்மாளிடம் சொன்னார்கள். ஞாயிறுதோறும் அவன் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதியது பியூலா. அம்மாள் பதில் போட்டார். சபைப் போதகரும் அம்மாளின் தம்பியும் ஒத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அது இரக்கமாகவே தோன்றியது. ஒவ்வொருவராகப் பார்த்தால் இரக்கம்தான் அது.

சபூரா பட்டையை மேல்கைக்கு ஏற்றி, நீளக் கைச்சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள். மேலப்பாளையத்தில் அவள் வீட்டில் புருஷன் மீரானுக்கு மட்டும் தெரியும். தையல் கடை வைத்திருந்தவன், வாய்த் துடுக்கு அதிகம். "இந்த வீட்டுல இனிச் சண்டை போடக்கூட வழியில்ல. உன்னைத் திட்டுனா பாளையங்கோட்டையில ஒரு அம்மாவுக்கு நெஞ்சு படபடக்குமாம். யார்ட்டப் போய்ச் சொல்ல" என்பான். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வான். ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட அவன் அவளிடம் சத்தம் போடவில்லை.

சபூரா பஸ்ஸுக்கு ஓடுவதை விட்டாள். ஒருமுறை தெருவில் ஒரு நாய் குரைத்துக்கொண்டு துரத்தி வந்தது. ஓடினால் அம்மாளும் ஓடுவார் என்ற நினைப்பில் அப்படியே நின்று, மூச்சை மெல்ல விட்டாள். நாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சம் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மீரான் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ அழுகை வந்தது, அதையும் அடக்கிக்கொண்டாள்.

அவளுடைய சின்னம்மா மார்கழியில் மவுத்தாகி அடக்கம் செய்தபோது அவள் அழவில்லை. பார்த்தவர்கள் கல் மனசு என்றார்கள்.

அம்மாளால் மருத்துவமனைக்கு அலைய முடியவில்லை என்று, ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் வேலை முடிந்து சபூராவே வீட்டுக்குப் போனாள். இருபத்திரண்டு படி. மருத்துவமனை தந்திருந்த நோட்டில், நெஞ்சில் எப்போதெல்லாம் மாற்றம் தெரிகிறதோ அந்த நேரத்தை அம்மாள் எழுத வேண்டும். ஐப்பசியில், அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிந்தைய சில நாட்களில் கொஞ்சம் எழுதி, அடித்திருந்தார். அதற்குப் பிறகு எல்லா நாளும் ஒரே வார்த்தை. சுகம். ஸ்டேஷன் மாஸ்டரின் கையெழுத்து, கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. சபூராவுக்கு அது நிம்மதியாக இருந்தது.

அம்மாள் மகனைப் பற்றிக் குறைவாகவே கேட்டார். "ஜெபா நல்லா இருக்கானா, உன் மிஷின் என்ன சொல்லுது?" என்பார். நல்லா இருக்கார்ம்மா என்பாள் சபூரா. அந்த ஒரு வார்த்தைக்காக இருபத்திரண்டு படியும் அவளுக்குக் கனத்தது. சபைப் பெண்கள் இப்போது வருவதில்லை என்று ஒருநாள் அம்மாள் சொன்னார். முன்பெல்லாம் புதன்கிழமை ஜெபக்கூட்டம் இந்த வீட்டில்தான் நடக்கும். இப்போது மூட்டுவலி என்கிறார்கள், வேலை என்கிறார்கள். தெருவில் கண்டாலும் குனிந்துகொண்டு போகிறார்கள். சபூராவுக்குக் காரணம் தெரியும். உண்மையை மறைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்க்க அவர்களால் முடியவில்லை. தாயைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய், அந்தத் தாயைத் தனியாக்கிவிட்டிருந்தது.

பங்குனியில் நோன்பு வந்தது. இருபதாம் நோன்பன்று பெண்கள் கூடியிருந்த இடத்தில் மார்க்கம் படித்த ஓர் ஆலிமா பேசினாள். பொய்யை விடாதவர்கள் சோற்றையும் தண்ணீரையும் விட்டு என்ன பிரயோஜனம் என்று பொதுவாகத்தான் கேட்டாள். சபூராவுக்கு அது தன் பெயர் சொல்லிக் கேட்டதுபோல் இருந்தது. அன்று வீட்டில் மீரானிடம் சொன்னாள். நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன். அம்மாள் புகார் கொடுத்தால் கொடுக்கட்டும், வேலை போனால் போகட்டும். ஆனால் கேட்ட அதிர்ச்சியில் அந்த நெஞ்சு நின்றுவிட்டால்?

மீரான் துணியை மடித்துக்கொண்டே சொன்னான். "கூட இருக்கப்போறது உன் நெஞ்சுதானே. நீ பதறாம இரு. அது பதறாது."

மறுநாள் சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு மேல் ஆகியிருந்தது. படிக்கட்டில் நாலைந்து இடத்தில் நின்று நின்று ஏறினாள். மணியை அழுத்தக் கை நீட்டும் முன்பே கதவு திறந்தது. எப்போதும் அப்படித்தான் நடக்கும், அவள் அதை ஒருநாளும் யோசித்ததில்லை.

அம்மாள் அவளைச் சாப்பாட்டு மேஜைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். பையிலிருந்து கருவியை எடுக்கப் போனவளை, அது கிடக்கட்டும் என்றார். சபூரா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஓதிக்கொண்டே மூச்சை நிதானமாக்கினாள். அம்மா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினாள்.

அம்மாள் அதைக் கேட்காததுபோல் அடுக்களைக்குப் போனார். ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் மூன்று பேரீச்சம்பழம், ஒரு தம்ளர் தண்ணீர். மறுபடி போய் ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் பட்டையும் புதினாவும் மணக்க ஆவி வந்தது. கீழ்வீட்டுப் பெண்ணைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி நோன்புக் கஞ்சி வாங்கி வைத்திருந்தார்.

"நோன்பு திறக்க இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார், கடிகாரத்தைப் பார்த்து. "அதுக்குள்ள நான் பேசிருதேன். நீ பேசாம இரு."

சபூரா தட்டைப் பார்த்தாள். அவள் நோன்பென்று அந்த வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

அம்மாள் சுவரிலிருந்து சபை நாள்காட்டிகளை, போன வருடத்ததும் இந்த வருடத்ததுமாக, எடுத்து மேஜையில் விரித்தார். ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் பென்சிலில் பொடிப்பொடியாக ஐந்து நேரங்கள் எழுதியிருந்தன. விடியுமுன் ஒன்று, நண்பகல் தாண்டி ஒன்று, பிற்பகல் ஒன்று, பொழுது சாய்ந்ததும் ஒன்று, அதற்கப்புறம் ஒன்று. மாதத்தில் ஆறேழு கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன.

"பள்ளிவாசல்ல பாங்கு கேக்கும். கொஞ்ச நேரத்துல என் நெஞ்சு எந்திரிக்கும். குனியும், தரையோட படியும், மறுபடி எந்திரிக்கும். ஏழெட்டு நிமிஷம். யாருன்னு எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. ஜெபா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கே எட்டு மணிக்கு மேலதான் எந்திரிப்பான். அவன் காலையில அஞ்சு மணிக்கு முழங்கால் போடுத ஆளா? முப்பத்தாறு வருஷம் வண்டி நேரம் எழுதுனவ நான். நேரம் தப்பாம ஒண்ணு வருதுன்னா அது என்ன வண்டின்னு பாக்காம இருப்பேனா?"

வெறுமையான கட்டங்களை விரலால் தொட்டார். "மாசத்துல இந்த நாள் மட்டும் வண்டி இல்ல. அப்பப் பொம்பளைன்னு தெரிஞ்சுது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, நான் நாற்காலியில சும்மா உக்காந்திருக்கேன், என் நெஞ்சு படி ஏறுது. கதவைத் தொறந்தா நீ நிக்க."

ஐந்து மாதமாகப் பட்டையை மறைத்திருந்தாள் சபூரா. குரலை, முகத்தை, தாள்களை எல்லாம் காத்திருந்தாள். தொழுகை மட்டும் நினைவில் வரவே இல்லை. மூச்சு விடுவதை யாராவது மறைக்க நினைப்பார்களா?

"நோட்டுல எழுதுனா உன் ஆபீஸ்ல எவனாவது பாத்துருவான்" என்றார் அம்மாள். "அதான் அடிச்சுட்டு சுகம்னு போட்டேன்."

"ஜெபசிங் அண்ணன்..." என்று சபூரா ஆரம்பித்தாள்.

"தெரியும்ளா. அன்னைக்கே தெரியும். என் நெஞ்சுக்குள்ளதான நின்னான்."

அம்மாள் நாள்காட்டிகளை மூடினார்.

"விழுந்தான், பயந்தான், அப்புறம் இல்ல. எல்லாம் எனக்குள்ளதான் நடந்துது. கண்ணைத் தொறந்தா நீ நிக்க, சிக்னல் போச்சுன்னு சொல்லுத. உன் முகத்தைப் பாத்தேன். சரின்னுட்டேன். அப்புறம் பியூலா எழுத ஆரம்பிச்சா. புருஷன் செத்த வீட்டுல உக்காந்துக்கிட்டு புருஷன் மாதிரி எழுதுதா, பாவம். நான் பதில் போட்டதெல்லாம் அவளுக்குத்தான். தைரியமா இரு, கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டாருன்னு. நான் எம்மகனுக்கு எழுதுததா அவ நினைச்சிருப்பா. எனக்காக இத்தனை பேரு பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க. அதை நான் எப்படி உடைக்க?"

சபூராவின் கண்கள் நிறைந்தன. அம்மாளின் கையைப் பிடித்து, மன்னிச்சிருங்கம்மா என்றாள். மன்னிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார் அம்மாள். பாதியிலே நின்ற வண்டிக்குத் தன் இன்ஜினைக் கழற்றி மாட்டினவளுக்கு மன்னிப்பு எதற்கு என்றார். ஆனால் சொன்னபோது அவர் உதடு கோணியது. அந்த ஐந்து மாதத்தில் முதல் முறையாகச் சபூரா அவரை நன்றாகப் பார்த்தாள். எவ்வளவு மெலிந்திருந்தார்.

அப்போது பாங்கு கேட்டது. அம்மாள் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். சபூரா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். அம்மாள் ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். இருவரும் இரண்டு வாய் குடித்தார்கள்.

பிறகு அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உன்ட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கம்மா."

"நான் இன்னும் அழல." அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அஞ்சு மாசமாச்சு. அழுதா இந்தத் தகடு தாங்காதோன்னு பயம். நான் போயிட்டா உன் நெஞ்சுக்கு ஏதும் ஆயிருமோன்னும் பயம். ஒரு மீன் முள்ளு மாதிரி இங்கனயே நிக்கு. நீ தொழுவும்போது மட்டுந்தான் உள்ள எல்லாம் அடங்கி இருக்கும். இப்பத் தொழுவுவேல்லா?"

"ஆமாம்மா."

"எப்பவும் போல தொழு. நீ அழாத. என்னைத் திரும்பிப் பாக்காத. அந்த நேரத்துக்குள்ள நான் எம்பிள்ளைக்கு அழுதுக்கிடுதேன்."

சபூரா எழுந்து, கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தாள். அம்மாள் ஒரு வெள்ளைப் போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். அதைக் கிழக்குச் சுவர்ப் பக்கமிருந்து எடுத்து, மேற்குப் பார்த்து விரித்துக் கொடுத்தார். திசைகூடக் கேட்டு வைத்திருந்தார்.

அவள் கைகளை உயர்த்திக் கட்டினாள். முதல் வசனம் ஓதும்போதே பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. முதலில் மூச்சு முட்டுவதுபோல், அப்புறம் குரலெடுத்து. ஜெபா, ஜெபா என்று மட்டும்தான் அதில் வார்த்தை இருந்தது. சபூரா மூச்சை மெல்ல விட்டாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், நெற்றியைத் தரையில் வைத்தாள். யா அல்லாஹ், என் நெஞ்சைப் பிடித்துக்கொள், அதில் இரண்டு பேர் இருக்கிறோம் என்று கேட்டாள்.

மாலைத் தொழுகையின் மூன்று ரக்அத்துக்கு உரிய நேரம் ஆகிவிட்டது. பின்னால் அழுகை இன்னும் ஓயவில்லை. அவள் கடைசி ஸஜ்தாவில் தரையில் வைத்த நெற்றியை எடுக்கவில்லை. போர்வையில் சோப்பு வாசம் இருந்தது. காதுக்குள் தன் துடிப்பு கேட்டது, ஒன்று, ஒன்று, ஒன்று என்று அவசரமில்லாமல். அதையே கேட்டுக்கொண்டு, அந்தத் தாய் அழுது முடிக்கும்வரை அவள் அப்படியே இருந்தாள்.